பெட்டிக்குள் வண்டு

அத்தியாயம் பதினேழு

புதுச்சேரியின் சரித்திரத்தை இனிமேல் எழுதப் புகுகிறவர்கள் அதை இரண்டு பாகமாகப் பிரித்தே ஆக வேண்டும். பஞ்சநாதன் வீட்டு மாடிக்குப் பாட்டுப் பெட்டி ஏறுவதற்கு முந்திய காலம் ஒன்று. ஏறிய பிறகான காலம் இன்னொன்று. நடுவில் வெள்ளைக்காரன் கொடி இறங்கியதும் நம் கொடி ஏறியதும் சில்லறைச் சம்பவங்கள்.

இது பஞ்சநாதனின் அபிப்பிராயம்.

பெட்டி வந்து இருபத்திரண்டு நாளாகியும் அது பாட்டைவிட அதிகமாக ‘ஊம்ம்ம்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது என்பது வீட்டிலிருந்த மற்றவர்களின் அபிப்பிராயம். அதைச் சரித்திரத்தில் சேர்க்கும்படி யாரும் கேட்கவில்லை.

பஞ்சநாதன் தேங்காய்த்திட்டுக் கரையில் மீன் ஏலம் கூறுகிறவர். இருபத்தாறு வருஷமாகக் கூறுகிறார். இருநூறு பேர் கத்துகிற கத்தலில், கூடைக்குப் பின்னால் நிற்கிறவள் முணுமுணுத்தால்கூட அவர் காதுக்கு எட்டிவிடும் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவரும் அவர்தான் என்றாலும், அது பொய்யென்று இதுவரை யாரும் நிரூபித்ததில்லை.

கப்பலேறப் போன ஒரு பிரெஞ்சு துரையின் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது அந்தப் பெட்டியை அவர் எடுத்தார். ஊருக்கே ஏலம் கூறுகிறவர் இன்னொருவரிடம் ஏலம் எடுத்தது அது ஒரு தடவைதான். ஒப்படைக்கும்போது துரை, பெட்டியின் முதுகில் தொங்கிய ஒரு நூல் சுற்றிய கம்பியை எடுத்துக் காட்டினார். பிறகு பக்கத்திலிருந்த தன் ரேடியோவின் முதுகைக் காட்டினார். நெடுநேரம் ஏதோ சொன்னார். மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். பஞ்சநாதன் இரண்டு தடவையும், “வுய், முசே” என்று ஆமாம் போட்டார். இவ்வளவு அழகான சாமானில் இப்படி ஒரு கம்பி அநாதையாகத் தொங்குகிறதே என்று மனிதர் வெட்கப்படுகிறார். அது கூடவா புரியாது?

வீட்டுக்கு வந்ததும் ஏற்கெனவே இருந்த ரேடியோவின் முதுகில் பெட்டியின் வயரைச் செருகினார்கள். பெட்டி பாடியது. பாட்டுக்கு அடியில் வேறொன்றும் பாடியது.

ரேடியோ ரிப்பேர் இராமதாஸ் மூன்று தடவை வந்தார். கழுத்தில் டையும் சட்டைப் பையில் நான்கு திருப்புளியும் இல்லாமல் அவர் எந்த வீட்டுப் படியும் ஏறுவதில்லை. முதல் தடவை, கடற்காற்று என்றார். இரண்டாம் தடவை ஊசியை மாற்றினார். மூன்றாம் தடவை பெட்டியைத் தொடாமலே கைகட்டி நின்று கேட்டுவிட்டு, பிரெஞ்சுப் பெட்டிக்கு இந்தியக் கரண்டு ஒத்துக்கொள்ளவில்லை என்று தீர்ப்புச் சொன்னார். இந்தத் தீர்ப்பு பஞ்சநாதனுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. நாலு பேர் நடுவில் தலை நிமிர்ந்து சொல்லக்கூடிய நோயாக இருந்தது அது.

ஆனால் இன்றைக்கு வரப்போகிறவரிடம் அதைச் சொல்ல முடியாது.

வரப்போகிறவர் காசிலிங்கம். குருசுக்குப்பத்தில் நான்கு படகுக்குச் சொந்தக்காரர். பஞ்சநாதனின் மனைவி அங்கம்மாளுக்குக் கூடப்பிறந்த ஒரே அண்ணன். அவர் இந்த வீட்டு வாசற்படியை மிதித்து எட்டு வருஷம் ஆகிறது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் காசிலிங்கம் தன் மகனுக்குக் காது குத்தினார். பந்தல் போட்டு, ஒலிபெருக்கி வைத்து, ஊரைக் கூட்டினார். குப்பத்திலேயே முதல் ஒலிபெருக்கி அது. அது என்ன காரணத்தாலோ நாதஸ்வரத் தட்டு வைத்ததிலிருந்து எடுத்தது வரைக்கும் ஊம் கொட்டிக்கொண்டே இருந்தது. ஜனங்கள் மரியாதைக்குப் பேசாமல் இருந்தார்கள். பஞ்சநாதன் இருக்கவில்லை. ஏலம் கூறுகிற அதே தொண்டையில் அவர் கேட்டார்:

“என்னா மச்சான், வண்டு புடிச்சிப் பெட்டிக்குள்ள அடச்சி வச்சிருக்கீங்களா?”

பந்தல் சிரித்தது. சமையல்காரன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். காசிலிங்கம் சிரிக்கவில்லை. அத்தோடு சரி. அதற்கப்புறம் அங்கம்மாள் தன் அண்ணனைப் பார்த்தது வருஷத்துக்கு ஒரு முறை, மாசி மகத்தன்று, வைத்திக்குப்பத்துக் கடற்கரைக் கூட்டத்தில். அவள் இந்தப் பக்கம் நிற்பாள்; அவர் அந்தப் பக்கம் நிற்பார். நடுவில் சாமிகள் கடலில் குளித்துவிட்டுப் போகும்.

போன வாரம் அங்கம்மாள் புருஷனைக் கேட்காமலே, மீன் விற்கிற குஞ்சம்மாளிடம் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பியதும், ‘ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு வர்றேன்’ என்று பதில் வந்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். பஞ்சநாதன் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. பாட்டுப் பெட்டியின் புகழ் குருசுக்குப்பம் வரைக்கும் போயிருக்கிறது, மனிதரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை என்று அவர் தெரிந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிட்டது. மணி இரண்டு. சுறாப்புட்டு வாசனை மாடிவரை ஏறியிருந்தது. பெட்டி ஊம் கொட்டிக்கொண்டிருந்தது.

அங்கம்மாள் கையில் கரண்டியோடு மாடிக்கு வந்தாள். கேட்டாள். பிறகு சொன்னாள்:

“பொட்டி பாடுனா பாடட்டும், பாடலன்னா போவட்டும். அத மூடி வச்சிடுங்க. எங்கண்ணன் வந்து, சாப்புட்டு, திருப்தியா திரும்பிப் போவணும். எட்டு வருசம்.”

மூடி வைக்கலாம். ஆனால் ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. வந்த மனிதர் முதல் வார்த்தையாக, எங்கே பெட்டி என்றுதான் கேட்பார். மூடி வைத்திருக்கிறேன் என்றால், ஏன் என்பார். திறந்தால் ஊம் என்னும். அப்புறம் அந்த வார்த்தை வரும். எட்டு வருஷமாக ஊறப்போட்ட வார்த்தை. வட்டியோடு திரும்பி வரும். வந்தால் தானும் சும்மா இருக்க மாட்டோம் என்பது பஞ்சநாதனுக்குத் தெரியும். தன்னைப் பற்றி அவருக்குத் தெரிந்த சில உண்மைகளில் அதுவும் ஒன்று.

“நீ கீழ போ. நான் பாத்துக்கிறேன்,” என்றார். இருபத்திரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அங்கம்மாள் போனாள். மருமகள் ரஞ்சிதம் போகவில்லை. அரியாங்குப்பத்துப் பெண். மகன் முத்துவுக்கு வாழ்க்கைப்பட்டு மூன்று மாதம்தான் ஆகிறது. முத்து காரைக்காலில் வேலையாக இருக்கிறான். இந்த மூன்று மாதத்தில் மாமனாரிடம் அவள் பேசிய வார்த்தைகளை ஒரு கைப்பிடிக்குள் அடக்கிவிடலாம்.

அவள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம், “மாமா, பாட்ட நிறுத்திட்டு, சத்தத்த மட்டும் முழுசா ஏத்துங்களேன்,” என்றாள்.

பஞ்சநாதன் அவளைப் பார்த்தார். பாட்டில்லாமல் சத்தத்தை ஏற்றுவது, மீனில்லாமல் ஏலம் கூறுவது மாதிரி. எதற்கு என்று கேட்டார்.

அவள் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு விவரமாகச் சொன்னாள். அவள் அப்பா படகு பழுது பார்க்கிறவர். ஓட்டை எங்கே என்று தெரியாத படகை அவர் தண்ணீரில் இறக்கிப் பார்க்க மாட்டாராம். கரையில் முட்டுக் கொடுத்து நிறுத்தி, படகுக்குள்ளே குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றுவாராம். வெளியே எந்தப் பலகை அழுகிறது என்று பார்த்து, கரித்துண்டால் கோடு போடுவாராம். ஒரு நேரத்தில் ஒரு பலகை. எல்லாப் பலகையையும் சேர்த்துத் தட்டினால் தட்டுகிற சத்தம்தான் கேட்கும்.

“பாட்டு ஓடுனா இரைச்சல் அதுக்குள்ள ஒளிஞ்சிக்கும். தண்ணிய ஊத்திப் பாத்துடலாம் மாமா.”

டை கட்டிய இராமதாஸே சொல்லாத யோசனை. இருந்தாலும் மணி இரண்டேகால் ஆகிவிட்டதால் பஞ்சநாதன் பெரிய மனது பண்ணினார். தட்டிலிருந்து ஊசியைத் தூக்கி ஓரமாக நிறுத்தி, சத்தத்தைக் கடைசி வரை திருகினார்.

மாடி முழுக்க ஊம் நிறைந்தது. ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கை எழுந்து போயிற்று.

ரஞ்சிதம் கண்ணை மூடிக்கொண்டாள். “ரெண்டு சத்தம் இருக்குதுங்க. ஒண்ணு அடியில, மாவரைக்கிற மாதிரி. அதும் மேல இன்னொண்ணு, மாட்டு ஈ மாதிரி, ஜிஜ்ஜுன்னு.”

பஞ்சநாதன் தலையைச் சாய்த்தார். இரண்டுதான். இருநூறு பேர் நடுவில் முணுமுணுப்பைப் பிடிக்கிற காது, இருபத்திரண்டு நாளாக இரண்டை ஒன்று என்று எண்ணிக்கொண்டிருந்தது. “நான் அன்னிக்கே நெனச்சேன்,” என்றார்.

அவள் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து வந்தாள். மின்விசிறியை நிறுத்தினாள். ஒன்றும் மாறவில்லை. தரையில் ஒரு கோடு போட்டாள். பிறகு ட்யூப் லைட்டின் சுவிட்ச் மேல் விரலை வைத்துக்கொண்டு மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்தத் தெருவில் முதல் ட்யூப் லைட் அது. பெட்டிக்கு நேர் மேலே சுவரில் பொருத்தி, பகலிலும் எரிய விட்டிருந்தார். பகலில் வருகிறவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

“அணைக்கலாங்களா?”

பஞ்சநாதன் கையை அசைத்தார். அவள் அணைத்தாள். மாட்டு ஈ செத்தது. மாவரைக்கிற சத்தம் மட்டும் மிஞ்சியது.

பஞ்சநாதன் எழுந்து போய்த் தானே சுவிட்சைப் போட்டார். ஈ வந்தது. அணைத்தார். போயிற்று. நான்கு தடவை செய்து பார்த்தார். ஐந்தாம் தடவைக்குள் அதை அவரே கண்டுபிடித்தவராக மாறிவிட்டார்.

பிறகு அவள் ரேடியோவின் முதுகிலிருந்து பெட்டியின் வயரை உருவினாள். ஊம் நின்றது. செருகினாள். வந்தது. “ரேடியோ மேல குத்தமில்ல,” என்று ஒரு கோடு போட்டாள். தட்டைச் சுழற்றும் மோட்டாரை நிறுத்தினாள். ஊம் நிற்கவில்லை. “மோட்டார் மேலயும் குத்தமில்ல.” இன்னொரு கோடு.

அவர் அலமாரி மேல் ரேடியோவையும், ரேடியோ மேல் பாட்டுப் பெட்டியையும் கோயில் கோபுரம் போல அடுக்கியிருந்தார். மாடி வாசலில் நுழைகிறவன் கண்ணுக்கு முதலில் அதுதான் படவேண்டும். இரண்டையும் பிரித்துப் பார்க்கலாமா என்று அவள் மெதுவாகக் கேட்டாள். கோபுரத்தைப் பிரிக்க அவருக்கு மனசில்லை. பிரித்தார்கள். பெட்டியைப் பக்கத்து மேஜைக்கு நகர்த்த நகர்த்த ஊம் பாதியாகக் குறைந்தது. திருப்பி ரேடியோவை நெருங்கினால் ஏறியது. ரேடியோவுக்குள் இருக்கிற ஏதோ ஒன்று பெட்டியின் காதில் ஓதிக்கொண்டிருக்கிறது என்று ரஞ்சிதம் சொன்னாள். கெட்ட சகவாசம் என்றார் பஞ்சநாதன்.

மணி நாலு. பாதி ஊம் இன்னும் பாக்கி.

கடைசியில் அது தற்செயலாகத்தான் நடந்தது. பெட்டியை நேராக வைக்கும்போது, ஊசியைத் தாங்குகிற உலோகக் கையின் அடியிலுள்ள இரும்பில் ரஞ்சிதத்தின் புறங்கை பட்டது. ஊம் சட்டென்று அறுந்தது. கையை எடுத்தாள். வந்தது. வைத்தாள். போயிற்று.

“நவுரு,” என்றார் பஞ்சநாதன். தன் உள்ளங்கையை அந்த இரும்பின்மேல் வைத்தார். மாடி அப்படியே அமைதியாயிற்று. கீழே அங்கம்மாள் அம்மியை நகர்த்துவது கேட்டது. தெருக்கோடியில் ஒரு சைக்கிள் மணி கேட்டது.

அவர் மார்பு விரிந்தது. “பாத்தியா. கைராசி.”

ரஞ்சிதம் அத்தையைக் கூப்பிட்டாள். அங்கம்மாள் மஞ்சள் கையோடு வந்து தொட்டாள், அதற்கும் அடங்கியது. பஞ்சநாதனின் மார்பு பழைய அளவுக்குத் திரும்பியது.

“யாரு கை பட்டாலும் அடங்குதுன்னா, இது எதையோ புடிச்சிக்கத் தேடுது மாமா,” என்று சொல்லிக்கொண்டே ரஞ்சிதம் பெட்டியின் முதுகைத் தன் பக்கம் திருப்பினாள். குனிந்து பார்த்தாள். “இங்க ஒரு மறையாணி இருக்குது. அதுல கம்பி ஒண்ணு இருந்திருக்குது. சுண்டுவெரல் அளவுக்கு மிச்சம் நிக்குது பாருங்க, நூலு சுத்தின கம்பி. யாரோ வெட்டியிருக்காங்க.”

யாரோ என்பது பஞ்சநாதன்தான். பெட்டி வந்த அன்றே பாக்குவெட்டியால் வெட்டினார். அழகான சாமானுக்கு வால் எதற்கு? ஆனால் வெட்டியதை எறிகிறவரில்லை அவர். நல்ல உறுதியான கம்பி. முறுக்கிய செம்பு, மேலே பழுப்பும் வெள்ளையுமாக நூல். அன்று மாலையே அதற்கு ஒரு கௌரவமான உத்தியோகமும் கொடுத்துவிட்டார்.

சுவரில், அணைந்த ட்யூப் லைட்டுக்குக் கீழே, கோட்டும் தலைப்பாகையுமாக, கையில் மூடிய குடையோடு பஞ்சநாதன் நிற்கிற பெரிய படம் மாட்டியிருந்தது. கண்ணாடிச் சட்டம் போட்ட படம். அது தொங்கிக்கொண்டிருந்தது அந்தக் கம்பியில்தான்.

“துரைதான் வெட்டியிருப்பான்,” என்றார் பஞ்சநாதன், படத்தைப் பார்க்காமல்.

அந்த மறையாணியிலிருந்து ரேடியோவுக்கு ஒரு கம்பி போட்டால் போதும் என்று ரஞ்சிதம் சொன்னாள். எந்தக் கம்பியானாலும் சரி. ஒரு முழம் இருந்தால் தாராளம். ஞாயிற்றுக்கிழமை, கடைத்தெருவே அடைத்துக் கிடந்தது. வீட்டில் கம்பி ஏதாவது உண்டா என்று கேட்டாள்.

“இந்த வீட்டுல ஏது கம்பி,” என்றார். அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்தார். “கம்பி எதுக்கு? நானே நிக்கிறேன்.”

ஆக, காசிலிங்கம் வந்தபோது எல்லாம் தயாராக இருந்தது.

காசிலிங்கம் ஐந்து மணிக்கு வந்தார், வெள்ளைச் சட்டை, தோளில் மடித்த துண்டு, கையில் துணியால் மூடிய தாம்பாளம். பஞ்சநாதன் வாசலுக்கு இறங்கிவந்து கும்பிட்டார். அங்கம்மாள் கால் கழுவத் தண்ணீர் கொடுத்தாள். நன்றாக இருக்கிறாயா என்று அவர் கேட்டார். இருக்கிறேன் அண்ணே என்றாள். எட்டு வருஷத்துக்கு அவ்வளவுதான் இருந்தது சொல்ல.

மாடியில் அவரைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பஞ்சநாதன் நாதஸ்வரத் தட்டைச் சுழல விட்டு, ஊசியை இறக்கி, வலது கையைப் பெட்டியின்மேல் வைத்து, இடது கையை இடுப்பில் ஊன்றி நின்றார். மேலே படத்தில் ஒரு பஞ்சநாதன் குடையோடு; கீழே ஒரு பஞ்சநாதன் பெட்டியோடு.

நாதஸ்வரம் அப்படி ஒரு சுத்தமாக வந்தது. சீவாளியில் எச்சில் ஈரம் படுகிற சத்தம்கூடக் கேட்டது. காசிலிங்கத்தின் விரல் தானாகத் தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. பஞ்சநாதன் அந்த விரலையே பார்த்தார். தன் ஆயுசில் இப்படி ஒரு மாலை வந்ததில்லை என்று நினைத்தார். ஏலத்தில் ஒரே வலை மீனுக்கு மூன்று ஊர்க்காரர்கள் அடித்துக்கொண்ட நாளைக்கூட இதற்குக் கீழேதான் வைக்க வேண்டும்.

“உக்காருங்க மாப்ள,” என்றார் காசிலிங்கம்.

இப்படி நின்று கேட்டால்தான் தனக்குச் சங்கீதம் இறங்கும் என்றார் பஞ்சநாதன். அங்கம்மாள் சுறாப்புட்டு கொண்டுவந்தாள். தனக்குப் பசியில்லை என்றார். காசிலிங்கம் சாப்பிட்டார், இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். வியர்வை பஞ்சநாதனின் காதோரம் இறங்கியது. விசிறியைப் போட்டாலென்ன என்று எல்லாருக்கும் தோன்றியது. ஆனால் விசிறியின் சுவிட்ச் அவர் கைக்கு எட்டவில்லை, மற்றவர்களுக்கு அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கத் துணிவில்லை.

பிறகு காசிலிங்கம் எழுந்தார்.

தட்டு இன்னும் முடியவில்லை. அவர் கை கழுவிவிட்டு, தாம்பாளத்தை எடுத்து, மேலிருந்த துணியை விலக்கினார். வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, தங்கைக்குப் புடவை, மாப்பிள்ளைக்கு வேட்டி. எட்டுப் பொங்கலுக்கும் வராத பிறந்த வீட்டுச் சீர். அவர் பெட்டியருகே வந்து, தாம்பாளத்தை இரண்டு கையாலும் நீட்டினார்.

பிறந்த வீட்டுச் சீரை இரண்டு கையால் நீட்டினால் இரண்டு கையால்தான் வாங்க வேண்டும். ஒரு கையால் வாங்குவதைவிட வேண்டாமென்று சொல்லிவிடலாம்.

பஞ்சநாதன் தாம்பாளத்தைப் பார்த்தார். அங்கம்மாளைப் பார்த்தார். அவள் தாம்பாளத்தையும் பார்க்கவில்லை, அண்ணனையும் பார்க்கவில்லை. பெட்டியின்மேல் இருந்த அவர் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரஞ்சிதம் ஓடிவந்து கை வைக்கலாம். ஆனால் அறையின் அந்தக் கோடியில் இலை எடுத்துக்கொண்டிருந்தாள்.

பஞ்சநாதன் கையை எடுத்தார்.

ஊம்ம்ம்.

தாம்பாளம் இரண்டு பேர் கையிலும் இருந்தது. காசிலிங்கத்தின் காது மெதுவாகப் பெட்டிப் பக்கம் திரும்பியது. அப்புறம் கண் திரும்பியது. அவர் வாய் லேசாகத் திறப்பதைப் பஞ்சநாதன் பார்த்தார். எட்டு வருஷம் அந்த உதட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

ஏலத்தில் கடைசி விலை கேட்பவன் வாயைத் திறக்கும் முன்பே அவன் என்ன கேட்பான் என்று அவருக்குத் தெரியும். அவனுக்கு முன்னால் தானே கூவிவிடுவது அவர் தொழில்.

“வண்டுதான் மச்சான்,” என்றார் பஞ்சநாதன். “புடிச்சி அடச்சி வச்சிருக்கேன்.”

காசிலிங்கம் ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு அவர் வயிறு குலுங்கியது. தோள் குலுங்கியது. துண்டு நழுவிச் சுறாப்புட்டுக் கிண்ணத்தில் விழுந்தது. “அன்னிக்கு எங்க வீட்டுலேந்து பறந்துபோச்சே, அந்த வண்டா? எட்டு வருசமா இங்கதான் இருக்குதா?” என்று கேட்டுவிட்டு மறுபடியும் சிரித்தார். பஞ்சநாதனும் சிரித்தார், தாம்பாளத்தில் வாழைப்பழம் உருண்டது. அங்கம்மாள் புடவையை வாங்கிக்கொண்டு, அடுப்பில் ஏதோ இருக்கிறதென்று கீழே போனாள். அடுப்பு அணைந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

மனிதனுக்குத் தோல்வியில்கூட ஒரு வீறாப்பு வந்துவிடுகிறது. பஞ்சநாதன் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். தன் படத்தை ஆணியிலிருந்து இறக்கினார். பின்பக்கம் முடிந்திருந்த கம்பியை அவிழ்த்து, “இந்தா,” என்று மருமகளிடம் நீட்டினார்.

ரஞ்சிதம் அந்தப் பழுப்பும் வெள்ளையுமான நூலைப் பார்த்தாள். பெட்டியின் முதுகில் நின்ற சுண்டுவிரல் துண்டைப் பார்த்தாள். இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை. அவள் சொன்னதெல்லாம், “கம்பி கெடச்சிடிச்சிங்களா மாமா,” என்றதுதான்.

மீன் அரிகிற கத்தியால் கம்பியின் இரு முனையையும் சுரண்டினாள். ஒரு முனையைப் பெட்டியின் மறையாணியில் சுற்றினாள். மறுமுனையை ரேடியோவின் முதுகிலிருந்த ஆணியில் முறுக்கினாள். ஊம் போயிற்று. யாருடைய கையும் இல்லாமல், யாருடைய ராசியும் இல்லாமல் போயிற்று.

“மருமவ,” என்றார் பஞ்சநாதன் காசிலிங்கத்திடம். “எங்க வீட்டு மருமவ. டை கட்டினவன் மூணு தரம் வந்து முழிச்சான். இவ கரித்துண்ட வச்சிக்கிட்டுக் கண்டுபுடிச்சா.” இதைச் சொல்லும்போது அவர் குரல் ஏலக் குரலாக இல்லை. ரஞ்சிதம் கத்தியைக் கழுவுகிற சாக்கில் கீழே இறங்கிப்போனாள். படியில் பாதி தூரம் போனதும் அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடுவது கேட்டது. அந்தக் காதுக்கு அது எட்டியது.

அவர்கள் நாதஸ்வரத்தை முழுவதுமாகக் கேட்டார்கள். மறுபக்கமும் கேட்டார்கள். இந்தத் தடவை பஞ்சநாதன் உட்கார்ந்து கேட்டார், விசிறியும் சுழன்றது.

தட்டு நின்ற பிறகு காசிலிங்கம் படியைப் பார்த்தார். பெண்கள் இல்லை. நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டார். குரல் வேறாக இருந்தது.

“மாப்ள, நான் பொட்டி கேக்க வரல.”

பஞ்சநாதனுக்கு இது கொஞ்சம் புதிதாக இருந்தது.

காசிலிங்கம் சட்டையின் உட்பையிலிருந்து ஓர் உறையை எடுத்தார். ஓரம் நைந்திருந்தது, பலமுறை எடுத்துப் பார்த்து வைத்ததுபோல. பிரான்ஸில் மர்சேய் துறைமுகத்தில் கப்பல் வேலைக்குப் போன மூத்த மகன் வடிவேல் நான்கு மாதமாகக் கடுதாசி போடவில்லையாம். இப்போது அங்கிருந்து இது வந்திருக்கிறது. அவன் கையெழுத்தில்லை. ஊதா மையில், உருண்டை உருண்டையாக, நான்கு பக்கம். எல்லாம் பிரெஞ்சு.

“பத்திரம் எழுதுற நொத்தேர் ஆபீசு குமாஸ்தாகிட்ட காட்டலாம். காட்டுனா பொழுது சாயறதுக்குள்ள குருசுக்குப்பம் பூரா தெரிஞ்சிடும். நல்லதோ கெட்டதோ, நம்ம குடும்பத்துக்குள்ள இருக்கட்டும். அங்கம்மா சொல்லி அனுப்புனா பாருங்க, அப்பத்தான் எனக்கு ரோசனை வந்திச்சி. தொரைங்ககிட்ட தொரை மாதிரி பேசுறவரு நம்மள்ல நீங்க ஒருத்தருதான. ஒங்கள விட்டா எனக்கு யாரு?”

எட்டு வருஷம் ஒரு மனிதர் தன்னை ஒதுக்கிவைத்துவிட்டு, கடைசியில் பெற்ற மகனின் சேதியைத் தன் கையில் கொண்டுவந்து வைக்கிறார். பாட்டுப் பெட்டியெல்லாம் இதற்கு முன்னால் எம்மாத்திரம்? பஞ்சநாதனின் முதுகு நேராயிற்று. மூக்குக் கண்ணாடியை எடுத்து, வேட்டி நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டார். வெறும் ஆணி மட்டும் இருந்த சுவருக்குக் கீழே சாய்ந்து உட்கார்ந்து, நான்கு பக்கத்தையும் அவசரமில்லாமல் விரித்தார்.

முதல் பக்கத்தில் கண்ணை ஓட்டினார். “வுய்,” என்றார். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். புருவத்தைச் சுருக்கினார். “வுய், வுய்.”

காசிலிங்கம் கைகளைக் கோத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

பஞ்சநாதனுக்குத் தெரிந்த பிரெஞ்சு மொத்தம் பதினோரு வார்த்தை. அதில் ஏழு மீன் பெயர்.